துவாலுவின் நாற்காலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீயே உன் கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. எழுத்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. பரவாயில்லை, எனக்கும் இப்போது அப்படி இருந்தால்தான் படிக்க வசதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போட்டுக்கொள். நான் சுகம்தான். சனிக்கிழமை வகுப்பு இன்னும் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கடிதத்தை முடிக்கும் முன் நீ எழுதியிருந்த நாலு வரி மனதை விட்டுப் போகவில்லை. "ஐம்பது வருஷமாகச் சுற்றுச்சூழல் மாநாடு நடத்துகிறார்கள். முடிவெடுப்பது பணக்கார நாடுகள். வளரும் நாடுகள் அங்கே ஒப்புக்குச் சப்பாணி." இப்படி எழுதியிருந்தாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மாநாடுகளில் இதுவரை கிடைத்த நல்லவற்றில் பலவும் அந்தச் சப்பாணிகள் போராடி வாங்கியவை.

1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்த மாநாட்டை நடத்திய சுவீடனின் பிரதமரைத் தவிர, அங்கே நேரில் போய்ப் பேசிய ஒரே அரசாங்கத் தலைவர் இந்திரா காந்தி. வறுமையும் தேவையும்தானே மிகப் பெரிய மாசு என்று அவர் கேட்டதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஏழைகள்தான் பூமியைக் கெடுக்கிறார்கள் என்று அவர் சொன்னதாகத் திரித்தவர்களும் உண்டு. அதே உரையில் அவர் சொன்ன இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: பணக்கார நாடுகள் ஒரு பக்கம் எங்கள் வறுமையை ஏளனமாகப் பார்க்கின்றன, இன்னொரு பக்கம் தாங்கள் பணக்காரர்களான அதே வழிகளில் நாங்கள் போகக் கூடாது என்று எச்சரிக்கின்றன. அந்த முடிச்சு இன்றைக்கும் அவிழவில்லை. அந்த மாநாட்டையடுத்து பிறந்த ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் தலைமையகம் நைரோபிக்குப் போனது. ஐநா அமைப்பு ஒன்றின் தலைமையகம் வளரும் நாடு ஒன்றில் அமைந்தது அதுதான் முதல் முறை. அதுவும் கேட்டு வாங்கியதுதான்.

அப்புறம் கோகோ. நைஜீரியாவின் சிறு துறைமுக ஊர். 1980களின் கடைசியில் இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் நச்சுக் கழிவு அங்கே வந்து இறங்கியது. அவற்றை அடுக்கிவைக்கத் தன் வீட்டுக் கொல்லையை வாடகைக்கு விட்டவருக்குக் கிடைத்தது மாதம் சுமார் 100 டாலர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பீப்பாய்கள் வெயிலில் வீங்கிக் கசிந்தன. இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள்தான் அங்கிருந்து தகவல் அனுப்பி 1988இல் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். நைஜீரியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. கழிவைத் திருப்பி எடுத்துக்கொள் என்று விடாப்பிடியாக நின்றது. கரின் பி என்ற கப்பல் அதை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனபோது, துறைமுகம் துறைமுகமாக 'இங்கே வராதே' என்று விரட்டினார்கள். நினைத்துப் பார். அவர்கள் கரையில் ஒரு நாள்கூட நிற்கக் கூடாத கழிவு, ஒரு ஏழையின் கொல்லையில் மாதக்கணக்கில் கிடந்தது.

அடுத்த ஆண்டே பேசல் உடன்படிக்கை வந்தது. பெறும் நாட்டின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அபாயகரமான கழிவை அனுப்பக் கூடாது என்றது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது போதவில்லை. 1991இல் பமாகோவில் கூடித் தங்கள் கண்டத்துக்குள் இறக்குமதியையே தடைசெய்யும் தனி உடன்படிக்கை செய்துகொண்டன. பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு இந்தக் கழிவு போகவே கூடாது என்ற திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டு, 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. இருபத்து நாலு வருஷம் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர்களைச் சப்பாணி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓசோன் கதையும் அப்படித்தான். ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் பற்றி நாம் ஒருமுறை ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறோம். இந்தியாவும் சீனாவும் அதில் சேராமல் வெளியே நின்றன. படலத்தைக் கிழித்த ரசாயனத்தில் பெரும்பகுதி உங்களுடையது, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு யார் பணம் தருவது என்று கேட்டன. 1990இல் லண்டனில் அதற்கென்றே ஒரு நிதி உருவானது. அதன் நிர்வாகக் குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு ஏழு இடம், வளரும் நாடுகளுக்கும் ஏழு இடம். பிற்பாடு உலக நாடுகள் எல்லாமே சேர்ந்த ஒப்பந்தமாக அது ஆயிற்று. இன்றைய கணிப்புப்படி, அண்டார்டிகாவுக்கு மேலே உள்ள ஓட்டை 2066 வாக்கில் மூடிவிடும். பணமும் சம உரிமையும் சேர்ந்து வந்தால் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காலநிலை விஷயத்தில் அந்தப் பணம்தான் இழுத்துக்கொண்டே போகிறது. ரியோவில் 1992இல் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சுமார் 3 சதவீதம். இந்தக் கணக்கை வைத்துத்தான் அந்த வார்த்தைகள் வந்தன. 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் வளரும் நாடுகளுக்குத் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. 2022இல்தான் அந்தத் தொகை எட்டப்பட்டது, அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் வீடிழந்த நாட்டுக்குக் கடன் கொடுத்துவிட்டு அதை உதவிக் கணக்கில் எழுதுவது எனக்கு நியாயமாகவே படவில்லை. 2024இல் பாகு மாநாட்டில் 1.3 டிரில்லியன் கேட்டவர்களுக்கு, 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியப் பிரதிநிதிக்குப் பேசவே இடம் கிடைத்தது.

2015 பாரிஸ் காலநிலை மாநாட்டின் கடைசி நாள் நடந்ததை வகுப்பில் சொன்னேன். வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் 'குறைத்தாக வேண்டும்' என்று வரைவில் ஓரிடத்தில் இருந்தது. அந்தச் சொல்லைக் 'குறைக்க வேண்டும்' என்று மாற்றாவிட்டால் அமெரிக்கா கையெழுத்திட முடியாத நிலை. 'ஆக' என்ற அந்த ஒட்டுக்காக மண்டபம் முழுக்க மணிக்கணக்கில் காத்திருந்தது. கடைசியில் அதை எழுத்துப்பிழைத் திருத்தம்போல வாசித்து முடித்தார்கள். பிள்ளைகள் சத்தமே போடாமல் கேட்டார்கள். அதே ஒப்பந்தத்தில் வெப்பநிலை உயர்வுக்கு 1.5 டிகிரி என்ற எண் நுழைந்ததற்குக் காரணம் சிறு தீவு நாடுகள் என்றும் சொன்னேன். கடல் மட்டம் உயர்ந்து வரும் இழப்புக்குக் காப்பீடு வேண்டும் என்று அதே தீவுகளின் சார்பில் வனுவாட்டு 1991இலேயே கேட்டது. காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பு, சேதத்துக்கான நிதிக்குச் சம்மதம் கிடைத்தது 2022இல்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'வளரும் நாடுகள்' என்ற ஒரே குடைக்குள் இப்போது யார் யாரோ நிற்கிறார்கள். ஆண்டுக்கு உலக உமிழ்வில் சுமார் 30 சதவீதம் வெளியிடும் சீனாவும் பசிபிக்கின் சின்னத் தீவு நாடான துவாலுவும் ஒரே வரிசையில் எப்படி நிற்க முடியும்? எண்ணெய் விற்றுச் செழித்த நாடுகளும் அதே குடைக்குள்தான். பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு 2024இல் பூசானிலும் 2025இல் ஜெனீவாவிலும் முறிந்ததற்கு, உற்பத்திக்கு வரம்பு கூடாது என்று எண்ணெய் நாடுகள் பிடித்த பிடிவாதம் பெரிய காரணம். அந்த வரம்பு வேண்டும் என்று கேட்டவர்களில் பல ஏழை நாடுகளும் இருந்தன. ஏழைகளின் பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் தப்பித்துக்கொள்வது இரண்டு பக்கமும் நடக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, பிள்ளைகளுக்கு வருகிறேன். போன மாதம் வகுப்பிலேயே ஒரு மாநாடு நடத்தினோம். ஆளுக்கொரு நாடு, சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். பெரிய நாடுகள் கிடைத்தவர்கள் மும்முரமாக ஆலோசனை செய்தார்கள். ஒரு பெண்ணுக்குத் துவாலு வந்தது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த, சுமார் 10,000 பேர் வாழும் நாடு. கடைசி நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தவள், வரைவின் மூன்றாவது பத்தியில் 'இயன்றவரை' என்று இருந்ததைக் காட்டி, அதை நீக்கும்வரை சம்மதிக்க மாட்டேன் என்றாள். ஒரு மணி நேரம் யாரும் எழுந்து போக முடியவில்லை. ஒருமித்த முடிவு வேண்டும் என்ற விதியை அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டாள்: "ஐயா, தீவே மூழ்கிவிட்டால் இந்த நாற்காலி இருக்குமா?" ஒவ்வொரு ஆண்டும் துவாலுவிலிருந்து 280 பேரை ஆஸ்திரேலியா குடியேற அனுமதிக்கும் ஒப்பந்தத்தையும், 2025இல் அதன் முதல் குலுக்கலுக்கே மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெயர் கொடுத்ததையும் அவள் படித்திருந்தாள். அப்புறம் நான் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்ன கருத்தைத் தேடி எடுத்தேன். பசிபிக் தீவுகளின் 27 சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய யோசனை அது. வனுவாட்டு அதை ஐநா பொதுச்சபை வரை கொண்டுபோனது. ஒரு நாடு உருவான பிறகு அதன் அடிப்படைக் கூறுகளில் ஒன்று மறைந்துபோனாலும், அதனாலேயே அது நாடு என்ற தகுதியை இழந்துவிட வேண்டும் என்பதில்லை என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அவளிடம் கொடுப்பேன். உனக்கும் ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது, கண் தெளிந்ததும் படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்