சுவரில் ஒட்டப்போகும் பட்டியல்

யாங்கோன்

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

மோல்மேனில் வாடகைப் புத்தகக் கடைக்கு இடம் பார்த்துவிட்டாய், சந்தோஷம். ‘உலகத்தில் அதிகம் விற்ற நாவலாசிரியர்கள்’ என்று பத்துப் பேர் பட்டியலை ஃபோனில் அனுப்பியிருக்கிறாய். இதைப் பெரிதாக அடித்துச் சுவரில் ஒட்டலாமா, இதே வரிசையில் புத்தகம் வாங்கலாமா என்று கேட்கிறாய். ஒட்டிக்கொள். வாங்குவதற்கு மட்டும் அதை நம்பாதே. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், கடை திறப்பதற்குள் ஒருமுறை நிதானமாகப் படி.

அந்தப் பட்டியலில் அகதா கிறிஸ்டி பெயருக்கு எதிரே 200 கோடி என்று இருக்கிறது. வேறு பட்டியலைப் பார்த்தால் 400 கோடி என்றிருக்கும். இப்படி இரண்டு மடங்கு வித்தியாசப்படுகிறது என்றால் அது எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை, மதிப்பீடு. பதிப்பகம் விளம்பரத்தில் ஒன்று சொல்லும், பத்திரிகை அதை எடுத்துப் போடும், பத்து வருஷம் கழித்து அதுவே ஆதாரம் ஆகிவிடும். சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ 20 கோடி விற்றது என்று பல இடங்களில் பார்ப்பாய். 1859-ல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. உரிமைக் காலம் முடிந்து யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிற புத்தகத்துக்கு ஒரே கணக்குப் புத்தகம் எங்கே இருக்கும்?

இது நமக்குப் புதிதும் இல்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. ‘பொன்னியின் செல்வ’னை எத்தனையோ பதிப்பகங்கள் மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டை, ஒரே தொகுதி, ஐந்து தொகுதி என்று போட்டுக்கொண்டே இருக்கின்றன. மொத்தம் எவ்வளவு விற்றது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஐந்து பாகமும் வாங்கியவரை ஒரு வாசகர் என்று கணக்கு வைப்பதா, ஐந்து பிரதி என்று வைப்பதா? டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954-55-ல் மூன்று தொகுதியாக வந்தது. அங்கேயும் இதே தகராறுதான்.

அச்சடித்தது வேறு, விற்றது வேறு. பர்மியப் புத்தகம் எதையாவது எடுத்து உள்பக்கத்தைப் பார். எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை எல்லாம் அங்கேயே இருக்கும். பழைய சோவியத் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். டால்ஸ்டாய், புஷ்கின் பேரில் சொல்லப்படும் பெரிய எண்களெல்லாம் இப்படி அரசு அச்சகம் அடித்த கணக்கைக் கூட்டியவை. ஆங்கிலப் புத்தகத்தில் பிரதிக் கணக்கு கிடையாது. உரிமைப் பக்கத்தின் அடியில் ‘10 9 8 7 6 5 4 3’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பது. மேலே சொன்ன வரியில் மூன்றாவது அச்சு. ஒவ்வொரு அச்சுக்கும் எத்தனை பிரதி என்று அதில் தெரியாது. 5,000 இருக்கலாம், 5 லட்சமும் இருக்கலாம்.

அமெரிக்கச் சிறு அளவுப் பேப்பர்பேக்கில் இன்னொரு வழக்கம் உண்டு. விற்காத புத்தகத்தை அப்படியே திருப்பி அனுப்பினால் வண்டிச் செலவு அதிகம். அதனால் கடைக்காரர் முன்னட்டையை மட்டும் கிழித்து அனுப்பிப் பணத்தைக் கழித்துக்கொள்வார், மீதிப் புத்தகம் கூழாக வேண்டும். பழைய புத்தகக் கட்டில் முன்னட்டை இல்லாமல் ஒன்று வந்தால் பெரும்பாலும் அது இப்படித் தப்பி வந்ததுதான். கணக்கில் ‘விற்காமல் அழிக்கப்பட்டது’ என்று இருக்கும் சரக்கு. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதே, வாடகைக்கு அட்டையில்லாப் புத்தகம் போகவும் போகாது.

இனி உன் கடைக்கு உதவுகிற கணக்குக்கு வருகிறேன். மொத்த எண்ணை அவர் எழுதிய புத்தகங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார். கிறிஸ்டி 66 துப்பறியும் நாவல், 14 கதைத் தொகுப்பு, ஆக 80. 200 கோடியை வகுத்தால் தலைக்கு இரண்டரைக் கோடி. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் தொடர் 60 கோடி, முக்கியப் புத்தகம் ஏழுதான், தலைக்கு எட்டரைக் கோடிக்கு மேல். சிட்னி ஷெல்டன் 30 கோடி, 18 நாவல், தலைக்கு ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. குழந்தைகளுக்கு எழுதிய ஈனிட் பிளைட்டனுக்கும் 60 கோடிதான் சொல்கிறார்கள். ஆனால் 700 புத்தகம் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு எட்டரை லட்சம். காதல் கதை எழுதிய பார்பரா கார்ட்லண்ட் 723 புத்தகம். அவருக்கு 50 கோடி முதல் 100 கோடி வரை சொல்கிறார்கள். 100 என்றே வைத்தாலும் தலைக்கு 14 லட்சத்தைத் தாண்டாது.

இப்போது புரிந்திருக்கும். ரௌலிங்குக்கு ஏழு புத்தகம் வாங்கினால் அலமாரி முழுமை, அந்த ஏழும் ஓயாமல் சுற்றும். கார்ட்லண்டில் குறிப்பிட்ட தலைப்பைத் தேடி யாரும் வரமாட்டார்கள், ‘புதுசா ஒண்ணு கொடுங்க’ என்பார்கள். அவருக்கு இருபது முப்பது ஒரே கட்டாக வாங்கு, எது என்று பார்த்துப் பொறுக்க வேண்டாம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும், என் அபிப்பிராயம். ஆனால் அதைப் படிக்கிறவர்களைக் கேலி செய்துவிடாதே. வாரம் மூன்று எடுப்பவர்கள் அவர்கள்தான், உன் கடை வாடகையில் பாதி அவர்கள் கையில் இருக்கிறது.

இத்தனை எப்படி எழுதினார்கள் என்று தெரிந்தால் வாடகைக்கு எத்தனை நாள் கெடு கொடுப்பது என்பதும் தெரியும். கார்ட்லண்ட் சோஃபாவில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டே போவார், செயலாளர் குறிப்பெடுப்பார். 1976-ல் மட்டும் 23 நாவல். பிளைட்டன் மடியில் சின்ன டைப்ரைட்டரை வைத்துத் தட்டுவார். ஜார்ஜ் சிமெனான் வேறு ரகம், பெல்ஜியக்காரர். முதலில் ஒரு காகித உறையின் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்பம், முகவரி எல்லாவற்றையும் எழுதுவார். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், பத்துப் பதினோரு நாளில் நாவல் முடிந்துவிடும். நடுவில் இரண்டு நாள் உடம்புக்கு முடியாமல் போனால் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடுவார், திரும்பத் தொடமாட்டார். இப்படி மெக்ரே என்ற போலீஸ் அதிகாரி வரும் துப்பறியும் நாவல் மட்டும் 75. எல்லாம் சிறியவை, ஒரு ராத்திரியில் படித்துவிடலாம். அதனால் சிமெனானுக்கு இரண்டு நாள் கெடு போதும். ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகம் இங்கிலாந்துப் பதிப்பில் 766 பக்கம், அதற்கு ஒரு வாரமாவது கொடு.

ஸ்பெயின்காரி கொரின் தெயாதோ என்று ஒருவர், காதல் குறுநாவல் நாலாயிரம் போல எழுதியவர், 40 கோடி என்கிறார்கள். நம் பக்கம் பேரே கேட்டிருக்கமாட்டோம். பட்டியலில் இருப்பதால் தேடி அலையாதே.

அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை நம்பி வாங்குவதிலும் சிக்கல் உண்டு. ஷெல்டன் 2007-ல் காலமானார். அதற்குப் பிறகும் ‘சிட்னி ஷெல்டன்’ என்று பெரிதாகப் போட்டுப் புத்தகம் வருகிறது, கீழே சின்னதாக டில்லி பேக்ஷா என்று இருக்கும், எழுதியவர் அவர்தான். வி.சி. ஆண்ட்ரூஸ் 1986-ல் இறந்தார், அந்தப் பெயரில் ஆண்ட்ரூ நைடர்மன் எழுதிக் குவித்தார். நான்ஸி ட்ரூ கதைகளின் கரோலின் கீன், ஹார்டி பாய்ஸ் கதைகளின் ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்ஸன் இருவரும் மனிதர்களே இல்லை. ஒரு நிறுவனம் கதைச் சுருக்கம் கொடுத்துப் பலரை வைத்து எழுதவைத்த பொதுப்பெயர்கள் அவை. ஆரம்ப நான்ஸி ட்ரூ பலவற்றை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்ஸன். இது குற்றம் என்று சொல்லவில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவுக்கே ஓகஸ்ட் மாக்கே என்பவர் எழுத்தில் கூட்டாளி. ஆனால் ஷெல்டன் ரசிகர் தெரியாமல் எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்தால் உன்னிடம்தான் சண்டை பிடிப்பார். அட்டையில் ஒரு சின்னத் தாள் ஒட்டி எழுதியவர் பெயரைக் குறித்துவிடு.

கிறிஸ்டியில்தான் காசு அதிகம் வீணாகும், அதனால் இதைக் கவனமாகப் படி. ஒரே நாவலுக்கு இங்கிலாந்தில் ஒரு பெயர், அமெரிக்காவில் ஒரு பெயர். ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ அமெரிக்காவில் முதலில் ‘மர்டர் இன் தி கலே கோச்’. ‘லார்ட் எட்ஜ்வேர் டைஸ்’ அங்கே ‘தர்ட்டீன் அட் டின்னர்’. ‘டெத் இன் தி க்ளவுட்ஸ்’, ‘டெத் இன் தி ஏர்’ இரண்டும் ஒன்று. ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ அங்கே ‘மர்டர் இன் ரெட்ராஸ்பெக்ட்’. ‘4.50 ஃப்ரம் பேடிங்டன்’ அங்கே ‘வாட் மிஸஸ் மெக்கில்லிகடி ஸா’. இங்கே பழைய புத்தகம் விற்கும் பான்சொடான் நடைபாதையில் இரண்டு நாட்டுப் பதிப்பும் கலந்தே கிடக்கும். பெயரைப் பார்த்து இருபது வாங்கினால் அதில் மூன்று நான்கு இரட்டையாக இருக்கும். உரிமைப் பக்கத்தைத் திருப்பி முதலில் வந்த வருஷத்தைப் பார், பல பதிப்புகளில் ‘முன்பு இந்தப் பெயரில் வந்தது’ என்றும் போட்டிருக்கும். கதைக்கு ஒரு குறிப்பு அட்டை போட்டு இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு கையோடு எடுத்துப் போ. ‘கர்ட்டன்’ மட்டும் புதியவருக்குக் கொடுக்காதே. 1975-ல் வந்த அது கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவின் கடைசி வழக்கு, நாலைந்து படித்தவர்களுக்குத்தான் அது ருசிக்கும். முதலில் கொடுக்க ஏற்றது 1939-ல் வந்த தீவுக் கதை, ‘அண்ட் தென் தேர் வேர் நன்’. அது ஒன்றே 10 கோடி என்கிறார்கள். பொய்ரோ வராத தனிக்கதை என்பதால் முன்கதை தெரிய வேண்டியதில்லை.

சுவரில் ஒட்டும் தாளில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றையும் சேர், பர்மியர்கள் நின்று படிப்பார்கள். 1904-ல் ஜேம்ஸ் ஹ்லா ஜோ எழுதியதைத்தான் முதல் பர்மிய நாவல் என்கிறார்கள், அதன் கரு டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’. ஷெர்லக் ஹோம்ஸை பர்மிய எழுத்தாளர் ஷ்வே ஊ டவுங் ரங்கூன் துப்பறிவாளர் ஊ சான் ஷாராகவே மாற்றிவிட்டார். தாத்தா காலத்து ஆட்களுக்கு ஹோம்ஸ் என்றால் தெரியாது, சான் ஷார் என்றால் தெரியும். இப்படித் தழுவி எழுதியதெல்லாம் எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறவில்லை. ஆனால் இப்போது காலம் வேறு. 2019-ல் கொண்டுவந்த பதிப்புரிமைச் சட்டம் 2023 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜெராக்ஸ் போட்ட ரௌலிங் மலிவாக வருகிறது என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

வாங்கும்போது துப்பறியும் கதை என்றால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார். பசை போட்டு ஒட்டிய புத்தகத்தில் முதலில் உதிர்வது கடைசித் தாள்கள்தான், கொலைகாரன் பெயர் அதோடு போய்விடும். முதுகை விரலால் அழுத்து. நொறுநொறு என்று சத்தம் வந்தால் பசை காய்ந்துவிட்டது. அது பிடித்த கதை என்றால் மட்டும் வாங்கி, முதுகிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைத்து, அதன் மேல் அட்டையை ஒட்டு. உள் ஓரத்தில் வெள்ளை இடம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவென்றால் தைக்காதே, எழுத்து மறையும். உங்கள் ஊர் மழைக்கு அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, நாலு விரல் இடைவெளி விடு. அடியில் செய்தித்தாள் விரிக்காதே, ஈரத்தை இழுத்துப் பூச்சியைக் கூப்பிடும்.

தொடர்ப் புத்தகம் என்றால் முதல் பாகத்தில் இரண்டு பிரதி, மற்றதில் ஒவ்வொன்று போதும். ஆரம்பிக்கிற எல்லோரும் முடிப்பதில்லை. நடுவில் ஒரு பாகம் இல்லாத தொடரை வாங்கவே வாங்காதே.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு கட்டு போட்டு அனுப்புகிறேன். கிறிஸ்டி 14, மெக்ரே 9, ஷெல்டன் 6, பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். ஷெல்டனில் இரண்டு, பிறகு வந்தவை, தாள் ஒட்டிவைத்திருக்கிறேன். கட்டைப் பிரித்ததும் கிறிஸ்டி பதினாலின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அம்மா