சொக்கெட் செட் நிரப்புற விசயம்

எல்லாருக்கும், ஞாயிறு பின்னேரம் சாமானுகள ஒருக்கா சேத்துப் பாப்பம், கிண்ணியாப் பக்கம் இருந்து வாறவங்களும் கைல இருக்கிறத கொண்டு வாங்க. அரை இஞ்சி டிரைவ் (கைபிடி பூட்டுற சதுர ஓட்டை அரை இஞ்சி) விட்வேர்த் (பழைய பிரிட்டிஷ் போல்ட் அளவு முறை) சொக்கெட் செட்டுல 3/8, 9/16 ரெண்டும் இன்னும் இல்ல.

பழைய இரும்புக் கடையில தேடுறவங்க கவனிங்க, 3/8 டபிள்யூ (விட்வேர்த்) எண்டு அடிச்சிருந்தா அது போல்ட்டுட விட்டம், சொக்கெட்டுட வாய் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் வரும், அதால டேப் வச்சு அளந்துட்டு பிழை எண்டு திரும்ப வச்சிட்டு வந்துடாதீங்க. பக்கத்துல 7/16 பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் நெருக்கமான புரி அளவு) எண்டும் கிடக்கும், ரெண்டுக்கும் ஒரே சொக்கெட்தான்.

பிரிட்டிஷ் நேவி 1957ல திருகோணமலை டொக்யாட்ட விட்டுட்டுப் போனது உண்மைதான், அதுக்காக கறள் பிடிச்ச எல்லா ஸ்பனரையும் நேவிச் சாமான் எண்டு விலை சொல்லுவாங்க, நம்பாதீங்க. உள்மூலை உருண்டிருந்தா கிங் டிக் (பேர்போன பிரிட்டிஷ் கம்பனி) எண்டாலும் வேணாம்.

குரோம் பூசினத வினாகிரியில ஊறப் போடாதீங்க, பூச்சு உரிஞ்சிரும், மண்ணெண்ணெயும் பித்தளை பிரசும் காணும். கிரைண்டர் பிடிச்சு எழுத்த அழிக்கிற ஆக்கள் தயவுசெஞ்சு என்ட பெட்டிப் பக்கமே வராதீங்க 😄