டயாலிசிஸ் வார்டிலிருந்து ராஜிக்கு

கோத்தகிரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டிவலி பரவாயில்லையா? பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம், நான் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. என்னால் சனிக்கிழமையை விட முடிவதில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கூலிலிருந்து ரிட்டயர் ஆனதும் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டுக்குப் படம் வரைந்து தரப்போகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதில் முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கட்டில்களுக்கு எதிரே நீளமான சுவர் ஒன்று காலியாக இருந்தது. அதில் கேத்தரின் அருவியை வரைந்தேன். பத்து நாள் வேலை, பாறையில் தண்ணீர் சிதறுவதெல்லாம் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன். முடிந்த அன்று எல்லாரும் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம், பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை இங்கே ஹட்டி என்பார்கள்) வருகிற ஒரு படுகர் தாத்தா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "படம் நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா நாலு மணி நேரம் அந்தத் தண்ணியையே பார்த்துட்டுப் படுத்திருக்க முடியலை, தாகமா இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது, அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயே தங்கிக் கால் வீங்கும், மூச்சு வாங்கும், அதனால் ஒவ்வொரு டம்ளரையும் அளந்துதான் குடிக்க வேண்டும், காபியும் ரசமும் மோரும்கூட அந்தக் கணக்கில்தான். அவர்கள் கண்ணெதிரே சுவர் முழுக்க அருவியைக் கொட்ட விட்டிருக்கிறேன். அங்கே இருக்கிற எந்த நர்ஸைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

மறுநாளே வெள்ளையடித்துவிட்டேன். அப்புறம் இரண்டு வாரம் பிரஷையே எடுக்கவில்லை, ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசினேன். யாரும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. சோலை மரம் வேண்டும், காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்க வேண்டும், மஞ்சு இறங்குகிற தேயிலைத் தோட்டம், ஒருவருக்கு மட்டும் ஊருக்குப் போகிற பஸ் வளைவில் திரும்புகிற மாதிரி. இப்போது சுவரில் அதுதான் இருக்கிறது.

மரம் கேட்டார்கள் என்றதும் எனக்கு அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் செய்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். பாதிப்பேருக்கு ஜன்னலில் மரம் தெரியும், பாதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. 1984ல் வெளியான ஆய்வு. இங்கே ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் வரிசையே நிற்கிறது, ஆனால் படுத்திருப்பவர்களுக்கு அது தெரியாது, மெஷினுக்கான தண்ணீர்க் குழாய் எதிர்ப்பக்கச் சுவரில் இருப்பதால் கட்டிலைத் திருப்ப வழியில்லை. ஆஸ்பத்திரி கட்டும்போதே படுத்திருப்பவரின் கண் எங்கே போகும் என்று பார்க்க ஒரு ஓவியரையும் கூட வைத்துக்கொண்டால் என்ன, ராஜி? கட்டி முடித்த பிறகு மிச்சச் சுவருக்குத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

நீ கேட்டிருந்தாயே, இதுவும் ஒரு சிகிச்சையா என்று. இல்லை. கலைச் சிகிச்சைக்குத் தனிப் படிப்பு இருக்கிறது, மனநலம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது. அந்தப் பெயரை 1942ல் கொண்டுவந்த ஏட்ரியன் ஹில் ஓர் ஓவியர், காசநோயில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து பொழுதைத் தள்ளியவர். நான் செய்வது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. வார்டில் நோயாளிகளின் கட்டிலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த நோயாளிகளின் உடம்பிலிருந்து ஏதாவது வேண்டியிருக்கிறது, ரத்தமோ பிரஷரோ எடையோ. எனக்கு எதுவும் வேண்டாம். "இன்னைக்கு வேணாம்மா" என்று அவர்கள் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான், அதைச் சொல்லும்போது சில முகங்களில் வருகிற தெம்பை நீ நேரில் பார்க்க வேண்டும்.

அப்புறம், செவ்வாய் வியாழன் சனி வருகிற ஒரு தோடர் அம்மா. ஊசி ஏறியிருக்கிற கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது, அதனால் அவர் வாழ்நாள் முழுக்கத் துணியில் செய்த பூத்தையலை அங்கே செய்ய முடியாது. சரி, நீங்கள் சொல்லுங்கள், நான் வரைகிறேன் என்று அட்டையில் பேப்பரை கிளிப் மாட்டிப் பிடித்துக்கொண்டு பென்சிலால் ஒரு கோடு போட்டேன். சட்டென்று இன்னொரு கையால் என் பென்சிலைப் பிடித்துவிட்டார். "கோடு போடாதே, எண்ணு" என்றார். அவர்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணியே ஊசியைக் கோக்கிறார்கள், பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தமாக இருக்கிறது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு முதலில் கோடு போடத்தான் சொல்லிக்கொடுத்தேன்! இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கை சொல்ல, நான் தைக்கிறேன். தப்பாகப் போனால் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுகிறார், உடனே பிரிக்கச் சொல்கிறார். மெஷின் சத்தம் கொடுத்தால்தான் நாலு மணி நேரம் முடிந்ததே தெரிகிறது.

இதற்குச் சம்பளம் உண்டா என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். இல்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது, அதனால் சமாளிக்கிறேன், ஆனால் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு இளம் ஓவியரை "சேவை" என்று சொல்லி வாரம் மூன்று நாள் வரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் வந்து படம் மாட்டிவிட்டுப் போனால் இந்த வேலை நடக்காது. நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கிற அதே ரிஜிஸ்டரில் ஓவியர் பெயரும் இருக்க வேண்டும் என்று அங்கே கேட்டேன், "பார்க்கலாம்" என்றார்கள். திரும்பவும் கேட்பேன்.

உன்னிடம் ஒன்று வேண்டும். சென்னிமலையில் உங்கள் தெருவிலேயே தறி இருக்கிறதே, வெளுக்காத பருத்தித் துணி, கொஞ்சம் முரடாக, இழை கண்ணால் எண்ணுகிற மாதிரி, இரண்டு மீட்டர் வாங்கி அனுப்பு. இங்கே கடையில் வாங்கியது ரொம்ப நெருக்கமான நெசவு, அந்த அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். சிவப்பு நூலும் கறுப்பு நூலும் தயாராக இருக்கின்றன. வியாழனுக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் கமலா