தம்பி, உன் ஷீட்டைப் பார்த்தேன்

தம்பி,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஊர், ஒன்பது வரிசை, கடைசியில் மொத்த மார்க், ஜெயித்த ஊருக்குப் பச்சை வண்ணம் வேறு. வேலை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஊரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப் போகிறேன், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். எந்த ஊர் என்று நான் சொல்லப் போவதில்லை, இரண்டிலும் நான் குடியிருந்தவள் இல்லை. ஆனால் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தே காலம் தள்ளியவள் என்ற முறையில் அந்த ஷீட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கூட்டலுக்குள் வந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் வரிசையே மக்கள்தொகை. ஒரு ஊரில் ஏறுகிறது, இன்னொன்றில் அப்படியே நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் "தேங்கிப்போன ஊர்" என்று நீயே குறிப்பும் எழுதிவிட்டாய். சரி, அந்த எண் எந்த எல்லைக்குள் எடுத்தது? மாநகராட்சி எல்லையா, புறநகரும் சேர்ந்ததா, தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் குடியிருக்கும் பகுதி வரைக்குமா? அதை எழுதாமல் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒப்பீடே ஆகாது.

அமெரிக்காவில் சிகாகோவும் செயின்ட் லூயிசும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முட்டி மோதிக்கொண்ட கதை தெரியுமா? 1870 கணக்கெடுப்பில் செயின்ட் லூயிஸ்தான் கொஞ்சம் முன்னால் இருந்தது (அந்த எண்ணை ஊதிப் பெருக்கியிருப்பார்கள் என்ற பேச்சும் உண்டு, அது தனிக்கதை). 1876-இல் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, சுற்றியிருந்த கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) தங்கள் நகரத்தைத் தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம் வரிப் பணம் எதற்கு அந்தப் பட்டிக்காட்டுக்குப் போகவேண்டும் என்பது அன்றைய நியாயம். எல்லைக் கோடு அன்றோடு நின்றுவிட்டது. சிகாகோ நேர்மாறாகச் செய்தது: 1889-இல் பக்கத்து டவுன்ஷிப்புகளை ஒரேயடியாகச் சேர்த்துக்கொண்டு பரப்பளவை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கியது, அடுத்த வருஷக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டி நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் என்று பெயரும் வாங்கியது. பிறகு நடந்ததைப் பார். 1950-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எட்டரை லட்சம் பேர், 2020-இல் சுமார் மூன்று லட்சம். எண்ணை மட்டும் பார்த்தால் ஊரே காலியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் அதே 2020-இல் கோட்டைத் தாண்டிய புறநகரையும் சேர்த்து எண்ணினால் சுமார் 28 லட்சம். ஊர் நலிந்தது உண்மைதான், நகரத்தின் நடுப்பகுதி வெறிச்சோடியதும் உண்மை. ஆனால் எவ்வளவு நலிந்தது என்பதை அந்தப் பழைய கோடு ஊதிக் காட்டுகிறது.

இது பழங்கதை என்று நினைக்காதே. ஆஸ்திரேலியாவில் 2023-இல் மெல்பர்ன் சிட்னியை முந்திவிட்டது என்று செய்தி வந்தது. ஒரு நாள் காலையில் யாரும் மூட்டை கட்டிக்கொண்டு மெல்பர்னுக்குப் போகவில்லை. புள்ளிவிவரத் துறை நகர்ப்பகுதி எல்லையைத் திருத்தியபோது மெல்ட்டன் என்ற பக்கத்து ஊர் மெல்பர்ன் கணக்கில் சேர்ந்தது, அவ்வளவுதான். இன்னொரு வகை எல்லையை எடுத்தால் அப்போதும் சிட்னிதான் பெரியது. சீனாவின் சோங்சிங்கை உலகிலேயே பெரிய நகரம் என்று சிலர் எழுதுவார்கள். அந்த நிர்வாகப் பகுதி கிட்டத்தட்ட ஆஸ்திரியா நாட்டின் அளவு, உள்ளே மலையும் வயலும் கிராமமும் ஏராளம்.

இரண்டாவது வரிசை, மொத்த உற்பத்தி. இதில் ஒரு சின்ன விஷயம்தான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஹாங்காங்கை ஒட்டியிருக்கும் சீன நகரம் ஷென்ஜென் மொத்த உற்பத்தியில் ஹாங்காங்கை முந்தியது. 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்த இடம் நாற்பது வருஷத்துக்குள் அங்கே வந்து நின்றது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஷென்ஜென் மக்கள்தொகை ஹாங்காங்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஹாங்காங் எங்கேயோ இருக்கிறது. நீ ஊர் மொத்தத்தையும் உன் பையில் போட்டுக்கொண்டு வரப் போவதில்லையே, வகுத்துப் போடு.

வகுத்துப் போட்டாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அயர்லாந்தில் 2015-ஆம் வருஷத்துக்கான வளர்ச்சி 26 சதவீதம் என்று அறிவித்தபோது உலகமே சிரித்தது. சாதாரணமாக ஒரே வருஷத்தில் ஒரு நாடு கால்வாசி பெரிதாகிவிடாது. பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் காகிதத்தில் அந்த நாட்டுக்கு மாற்றியதும் அவற்றின் வருமானமெல்லாம் அந்நாட்டு உற்பத்தியில் ஏறிவிட்டது. டப்ளினில் பஸ்ஸுக்கு நின்றவன் சம்பளம் அதனால் ஒரு காசு ஏறியிருக்காது. அந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறையே பிறகு, இது உள்ளூர் நிலைமையைக் காட்டவில்லை என்று வேறொரு அளவீட்டை உண்டாக்கி வெளியிட ஆரம்பித்தது. அதனால் தலைமை அலுவலகங்கள் குவிந்த ஊரின் எண்ணைப் பார்க்கும்போது, அந்தப் பணம் அங்கே செலவாகிறதா, இல்லை அந்த விலாசம் மட்டும்தான் அங்கே இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்.

இப்போது உன் ஷீட்டின் தலைப்புக்கு வருகிறேன். "யார் ஜெயிப்பார்" என்று வைத்திருக்கிறாய். இரண்டு ஊர் போட்டி போட்டால் ஒன்று ஏற ஒன்று இறங்கும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது, எனக்கு ஒவ்வாதது அதுதான். லிவர்பூலையும் மான்செஸ்டரையும் எடுத்துக்கொள். ஒன்று துறைமுகம், ஒன்று பருத்தி ஆலை நகரம். 1830-இல் இரண்டையும் இணைத்து ரயில் விட்டார்கள். பஞ்சு இந்தப் பக்கம், துணி அந்தப் பக்கம், இரண்டு ஊருக்கும் கொண்டாட்டம். அப்புறம் லிவர்பூல் துறைமுகக் கட்டணமும் ரயில் கூலியும் தாங்க முடியவில்லை என்று மான்செஸ்டர் வியாபாரிகள் புலம்ப ஆரம்பித்தார்கள். புலம்பியதோடு விடவில்லை. 58 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, கடல் கப்பலையே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பணம் தீர்ந்தபோது மாநகராட்சி கடன் கொடுத்துத் தூக்கிவிட்டது. 1894-இல் திறந்தது. கடலே இல்லாத ஊர் பிரிட்டனின் பெரிய துறைமுகங்களில் ஒன்றானது. கால்வாய்க் கரையில் ட்ராஃபோர்ட் பார்க் என்று ஒரு தொழிற்பேட்டை வந்தது, ஃபோர்டு கம்பெனி 1911-இல் கார் தயாரிக்க அங்கேதான் வந்து உட்கார்ந்தது. லிவர்பூல் கொஞ்சம் குறைவாகக் கட்டணம் வாங்கியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று நான் நினைப்பதுண்டு. பக்கத்து ஊரின் பேராசையும் ஒரு ஊரை வளர்க்கும்போல. பிறகு கன்டெய்னர் கப்பல்கள் வந்தன, கால்வாய்க்குள் அவை நுழையாது, 1982-இல் மான்செஸ்டரின் கப்பல் துறைகளை மூடினார்கள். இப்போது அதே இடத்தில் பிபிசியின் ஸ்டுடியோக்கள். லிவர்பூல் துறைமுகத்தையும் அந்தக் கால்வாயையும் இன்று நடத்துவது ஒரே கம்பெனி! அறுபது எழுபது வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தவர் ஒரு பதில் சொல்லியிருப்பார், நூறு வருஷம் கழித்துப் பார்த்தவர் வேறு பதில் சொல்லியிருப்பார். உன் ஷீட்டில் வளர்ச்சி வரிசை ஐந்து வருஷத்துக்குத்தான் இருக்கிறது. ஏன் ஐந்து? தேடியபோது அதுதான் கிடைத்தது என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும்.

சிகாகோ கதையிலும் இந்தக் காலக் கணக்கு வரும். 1856-இல் ராக் ஐலண்ட் என்ற இடத்தில் மிசிசிப்பி ஆற்றுக்குக் குறுக்கே முதல் ரயில் பாலம் போட்டார்கள், சிகாகோவின் ரயில் ஆற்றைத் தாண்டி மேற்கே போக. திறந்த இரண்டே வாரத்தில் எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு அதில் மோதி எரிந்தது, படகுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், பாலத்தின் தரப்பில் வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். அதே ஆற்றின் கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸ் தன் வாசலில் ஈட்ஸ் பாலத்தைத் திறந்தது 1874-இல்தான். படகையே கட்டிக்கொண்டு அழுதார்கள், அதனால் தோற்றார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். உள்நாட்டுப் போரில் ஆற்று வியாபாரம் முடங்கியதையும், கிழக்கிலிருந்து முதலீட்டுப் பணம் சிகாகோ பக்கம் போனதையும் அந்தச் சுருக்கத்தில் விட்டுவிடுவார்கள். ஒரு ஊர் ஏறியதற்கு ஒரே காரணம் சொல்கிற ஆளை நம்பாதே, அது மேயரானாலும் சரி.

அடுத்து, நீ சிவப்பு போட்டிருக்கும் வரிசை: "பெரிய கம்பெனிகள் வெளியேறுகின்றன." உனக்கு மாண்ட்ரியலைப் பற்றிச் சொல்லவேண்டும். நெடுங்காலம் கனடாவின் முதல் நகரம் அது. 1976 கணக்கெடுப்பில் டொராண்டோ நூலிழையில் முந்தியது, அதே வருஷம் மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தைத் தனிநாடாகக் கேட்ட கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது, அடுத்த வருஷம் பிரெஞ்சைக் கட்டாயமாக்கிய மொழிச் சட்டம், 1978 தொடக்கத்தில் சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. எல்லாவற்றுக்கும் மொழிச் சட்டம்தான் காரணம் என்பவர்கள் உண்டு. ஆனால் சறுக்கல் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. பங்குச் சந்தையில் டொராண்டோ 1930-களிலேயே முன்னுக்குப் போயிருந்தது. 1959-இல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்ததும் பெருங்கப்பல்கள் மாண்ட்ரியலில் சரக்கை மாற்றாமல் நேரே டொராண்டோ இருக்கும் பேரேரிகளுக்குப் போக ஆரம்பித்தன.

எனக்கு இதில் சுவாரஸ்யம் அடுத்த பகுதிதான். ஊர் தோற்றது, ஆட்கள் போனார்கள், வாடகை தாழ்ந்தே இருந்தது. வாடகை குறைந்த ஊரில் பாட்டுக்காரர், ஓவியர், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் எல்லாரும் காலம் தள்ள முடியும். 1997-இல் மாகாண அரசு சம்பளத்துக்கு மானியம் கொடுத்து யூபிசாஃப்ட் என்ற வீடியோ கேம் கம்பெனியை அழைத்துவந்தது, அவர்கள் போய் உட்கார்ந்தது ஒரு பழைய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில். இன்று வீடியோ கேம் தொழிலில் உலகம் முழுக்கப் பேர் சொல்லும் ஊர்களில் மாண்ட்ரியலும் ஒன்று. ஜெயித்த டொராண்டோவில் இளம் வயதினர் வீடு வாங்க முடியாமல் திண்டாடுகிறார்கள். மானியம் கொடுத்து வரவழைத்த தொழில் நிலைக்குமா என்ற கேள்வி எனக்கும் உண்டு, அதை விட்டுவிடு. நீ போகப்போவது ஊரின் மார்க்கில் குடியிருக்க இல்லை, ஒரு வீட்டில் குடியிருக்க.

அதனால்தான் மொத்த மார்க்கில் வீட்டுக்கு நீ கொடுத்திருக்கும் பத்து சதவீதத்தைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. சிங்கப்பூரும் ஹாங்காங்கும் துறைமுகம், வங்கி, கம்பெனித் தலைமையகம் என்று எல்லாவற்றிலும் போட்டிதான். ஆனால் சிங்கப்பூரில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அரசு கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறார்கள், அதில் பெரும்பாலோர் வாங்கிக் குடியிருக்கிறவர்கள். ஹாங்காங்கிலும் அரசு வீடுகள் நிறைய உண்டு, ஆனால் அது கிடைக்காதவன் உலகத்திலேயே எட்டாத விலைகளில் ஒன்றோடு மல்லுக்கு நிற்கவேண்டும், வசதியில்லாதவர்கள் ஒரே ஃப்ளாட்டைத் தடுத்துத் தடுத்துக் குடியிருக்கிறார்கள். சம்பள வரிசையில் இந்த வித்தியாசம் எங்கே தெரியும்?

"வாழத் தகுந்த நகரங்கள்" பட்டியலிலிருந்து ஒரு மார்க் எடுத்திருக்கிறாய். எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடுவது தானே? அதில் பாதுகாப்பு, மருத்துவம், கலாசாரமும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு எல்லாம் உண்டு, விலைவாசி கிடையாது. விலைவாசிக்கு அவர்களே தனியாக ஒரு பட்டியல் போடுகிறார்கள். அந்த மார்க்கை எடுத்து "வாழ்க்கைச் செலவு உட்பட" என்ற தலைப்பின் கீழ் ஒட்டியது உன் வேலை, அவர்கள் மேல் பழி போடாதே.

இனி ஷீட்டைத் திருத்து. மக்கள்தொகைக்கு இரண்டு ஊரிலும் ஒரே வகை எல்லையை எடு, வேலைக்கு வந்து போகும் பகுதி வரைக்கும். மொத்த உற்பத்தியைத் தூக்கிவிட்டு, நடுவில் நிற்கிற ஒரு குடும்பத்துக்கு வாடகை போக மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்று போடு. சராசரி வேண்டாம், பத்து கோடீசுவரர்கள் அதைத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் இதை நீ யோசிக்கவே இல்லை: இந்தக் கம்பெனி உன்னை அனுப்பிவிட்டால் அதே ஊரில் உன் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம் வேறு எத்தனை? ஒரே தொழிலை நம்பிய ஊர் நன்றாக ஓடும்போது எல்லாரையும் விட வேகமாக ஓடும். டெட்ராய்ட் 1950-இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் இருந்த ஊர், 2013-இல் மாநகராட்சியே திவால் மனு போட்டது. மொத்த மார்க் போடும் கடைசி வரிசையை எடுத்துவிடு. அது இருந்தால் நீ மற்றதைப் படிக்கமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் உட்கார்ந்து பார்க்கிறேன். அப்பாவின் ஓட்டு இரண்டாவது ஊருக்காம். ஏன் என்று கேட்டேன், விமானம் மாறாமல் நேராகப் போகலாம் என்கிறார். அதையும் ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொள், உன் பத்து சதவீதத்தை விட அதற்கு நியாயம் இருக்கிறது.

அம்மா