தோமையாரின் சாவுக்கு ஒரு சாதியைப் பொறுப்பாக்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

சென்னையின் தோமையார் தலங்களைப் பற்றிக் கையேடுகள் எழுதி வெளியிடும் பெரியோர்களுக்கும், அங்கு வரும் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு சொல்லும் வழிகாட்டிகளுக்கும், என் உடன் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இயேசுவின் சீடர்களுள் ஒருவரும், முதல் நூற்றாண்டில் இங்கு வந்து உயிர் நீத்ததாக மரபு கூறுபவருமான திருத்தூதர் தோமையாரைக் காளி கோயிலின் பிராமணப் பூசாரிகள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்ற வரி, இவ்வாண்டு திருவிழாவையொட்டி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கையேடு ஒன்றில் மீண்டும் அச்சாகியிருக்கிறது. 'மரபு கூறுகிறது' என்ற ஒரு சொல்கூட அதன் முன்னே இல்லை. நேற்று நடந்ததைக் கண்டவர் எழுதியதைப் போல் அது எழுதப்பட்டிருக்கிறது. இந்த வரியை நீக்க வேண்டும் என்று பலரும் உங்களிடம் முன்னரே கேட்டிருக்கிறார்கள் என்பதால் பின்னணியை நீட்டி எழுத வேண்டியதில்லை. அந்த வரி ஒரு குழந்தைக்கு என்ன செய்தது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

தோமையார் தலங்களான சின்னமலையையும் பரங்கிமலையையும் பார்க்க எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்; எல்லாச் சமயத்தவரும் உண்டு. வழிகாட்டி அந்த வரியை உரக்கச் சொல்லி முடித்த சிறிது நேரத்தில், ஒரு மாணவனைச் சூழ்ந்துகொண்டு மற்றவர்கள், "உங்க ஆளுங்கதானடா கொன்னாங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதில் வன்மம் இல்லை, விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டு திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் தொடர்ந்தது. அவன் கொண்டுவந்த தயிர்ச்சோற்றைத் திறக்கவேயில்லை. மறுநாள் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். புகாராக எதையும் சொல்லவில்லை. "அவன் கேக்கறான் டீச்சர், நாம நெஜமாவே கொன்னோமான்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார். மயிலாப்பூரில் உள்ள தோமையாரின் கல்லறை முன் மண்டியிட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேள்விக்கு என் திருச்சபையின் சார்பில் சொல்ல என்னிடம் ஒரு நேர்மையான விடைதான் இருந்தது: யாருக்கும் தெரியாது அம்மா.

உண்மையிலேயே யாருக்கும் தெரியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். தோமையாரின் இறப்பைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கதை, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் என்ற மேற்காசியப் பழமொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூலில் இருக்கிறது. அதில் மயிலாப்பூர் என்ற பெயரும் இல்லை, பூசாரியும் இல்லை. மஸ்தாய் என்ற அரசனின் மனைவி தெர்த்தியாவும் அவனுடைய உறவினனின் மனைவி மிக்தோனியாவும் தோமையாரின் போதனையைக் கேட்டு இல்லற உறவைத் துறந்துவிட, சினமுற்ற அரசன் நான்கு படைவீரர்களோடு அவரை மலைக்கு அனுப்பி ஈட்டியால் குத்தச் செய்கிறான். ஈட்டி உண்டு, மலை உண்டு, ஆனால் கட்டளை அரண்மனையிலிருந்து வருகிறது. அதற்கும் முன்னர், இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெராக்ளியோன் என்ற கிறித்தவ எழுத்தாளர், மறைச்சாட்சியாக இறக்காத திருத்தூதர்களின் வரிசையில் மத்தேயு, பிலிப்பு ஆகியோருடன் தோமாவையும் வைத்தார். தொடக்கத் திருச்சபையின் அறிஞரான அலெக்சாந்திரியாவின் கிளமெந்து அந்தப் பகுதியை நமக்குக் காத்துக் கொடுத்திருக்கிறார். தோமையார் கொல்லப்படவே இல்லை என்று நம்பிய கிறித்தவரும் தொடக்க காலத்தில் இருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

நம் கடற்கரைக்கு வருவோம். 1292ஆம் ஆண்டை ஒட்டி இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ பதிவு செய்த கதையில் கொலையே இல்லை. தோமையார் தம் குடிலுக்கு வெளியே, மயில்கள் சூழ, காட்டில் செபித்துக்கொண்டிருக்கிறார். மயிலை வேட்டையாட வந்த ஒருவன் எய்த அம்பு, அவனறியாமல் அவருடைய வலப்புறத்தில் பாய்கிறது. அவர் இறந்த இடத்தின் செம்மண்ணைத் திருப்பயணிகள் நோய் தீர எடுத்துச் சென்றதையும், இசுலாமியர்களும் அவரைத் தம்முடைய இறைவாக்கினருள் ஒருவராகப் போற்றியதையும் மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசியர் வந்த பிறகு, 1516ஐ ஒட்டி எழுதிய அந்நாட்டவரான துவார்த்தே பர்போசாவும் வேடனையும் மயிலையுமே சொல்கிறார். தன் மகனையே கொன்று பழியைத் தோமையார்மேல் போட்ட பிராமணரின் கதை, 1572இல் அச்சான போர்த்துக்கீசியக் காவியத்தில் விரிவாக வருகிறது. பூசாரிகள் கொன்ற கதையைக் கேரளக் கிறித்தவரின் மரபுப் பாடலான ரம்பான் பாட்டும் பாடுகிறது, அதுவும் 1601இல் எழுதப்பட்டதாகவே சொல்லப்படுகிறது. நிகழ்ந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பிந்திய கதையை மட்டும் தெரிந்தெடுத்து, அதற்கு முந்திய எல்லாவற்றையும் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது எந்த வகையில் வரலாறாகும்?

பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவை நம் முன்னோரின் தொன்மைக்குச் சான்று. அதில் பொறித்திருக்கும் பகலவி என்ற பழைய பாரசீக எழுத்து, பாரசீகத் திருச்சபையோடு இக்கரைக்கு இருந்த உறவைக் காட்டுகிறது. கொன்றவர் யார் என்று அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் பெருமைக்கு அந்தச் சிலுவை போதும். கொலைகாரர் ஒருவர் தேவையில்லை.

நம் திருச்சபைக்கு இது புதிய பாடமும் அன்று. இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கிப் பல நூற்றாண்டுகள் மறையுரை ஆற்றியதன் விளைவை உலகம் கண்டது. அன்று வாழ்ந்த யூதர் எல்லாரையுமோ இன்று வாழும் யூதரையுமோ அதற்குக் குற்றம் சாட்டக் கூடாது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. நற்செய்தி நூல்களே சான்றாக உள்ள ஒரு சாவைப் பற்றி அவ்வளவு கவனம் காட்டிய திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம், சான்றே இல்லாத ஒரு சாவைப் பற்றி ஏன் இவ்வளவு துணிச்சலாக எழுதுகிறோம்?

தோமையாரைச் சுற்றி இன்று நடப்பவை எல்லாமே என்னைச் சினமூட்டுகின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வள்ளுவர் அவருடைய மாணவர் என்று ஒரு சாரார் சான்றின்றி முழங்குகிறார்கள். தோமையார் என்று ஒருவர் பிறக்கவே இல்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை என்று மற்றொரு சாரார் கைப்பேசிதோறும் அனுப்புகிறார்கள். போர்த்துக்கீசியக் கப்பல் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அவருடைய கல்லறைக்கு மக்கள் வந்துகொண்டிருந்ததை அவர்கள் படிக்க மறுக்கிறார்கள். இரு தரப்புக்கும் அவர் ஒரு மனிதராகத் தேவைப்படவில்லை, ஆயுதமாகத் தேவைப்படுகிறார். நம் கையேட்டின் அந்த ஒற்றை வரி இரு தரப்புக்கும் தீனி போடுகிறது. வெறுப்பைப் பரப்புவோரை நாம் கண்டிக்கும்போது, அவர்கள் நம் கையேட்டையே எடுத்து நம் முன் நீட்டுகிறார்கள். அப்போது நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே மீண்டும் கேட்கிறேன்: அந்த வரியை நீக்குங்கள். அதற்குப் பதிலாக, அவர் அரசனின் ஆணையால் ஈட்டிக்கு இரையானதாகப் பழைய சிரியாக் நூல் கூறுவதையும், வேடனின் அம்பு தவறிப் பட்டதாக இவ்வூரார் சொல்லக் கேட்டுப் பயணிகள் எழுதியதையும், பூசாரிகள் கொன்றதாகப் பிற்கால மரபு கூறுவதையும், எது எந்த நூற்றாண்டுக்கு உரியது என்ற குறிப்போடு சேர்த்து எழுதுங்கள். நம்பிக்கையாக உள்ளதை நம்பிக்கை என்றே சொல்லுங்கள். அதனால் எந்தத் திருப்பயணியும் மலையேறாமல் நின்றுவிட மாட்டார்.

கடுமையான சொல் ஏதேனும் வந்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த திருவிழாவுக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் இந்தத் திருத்தத்தைச் செய்து, வழிகாட்டிகளுக்கும் எழுத்து வடிவில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திருத்திய பகுதியை எழுதித் தரவும், வரலாற்று ஆசிரியர்கள் சிலரிடம் காட்டிச் சரிபார்த்துத் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மயிலைப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி ஆசிரியை