கதவுச் சங்கிலியை மறந்துவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டனின் பழைய செங்கல் வீடுகள் பற்றிய கட்டுரையில், ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் குடியிருந்த காஃப் சதுக்கம் 17-ஆம் எண் வீடு விடுபட்டது ஏமாற்றமே. லண்டனை எரித்த 1666 பெருந்தீக்குப் பின், சுவர் செங்கல்லோ கல்லோதான் என்று 1667-இல் சட்டம் வந்தது. அந்த மாற்றத்தின் வழிவந்த வீடு இது.

முதல் மாடியில் மரத்தடுப்புகளைக் கதவுபோல மடக்கினால் அறைகள் ஒரே கூடமாகிவிடும். எனக்குப் பிடித்தது வாசல்தான்! கனத்த சங்கிலி, அப்புறம், கதவின் மேல்கண்ணாடி வழியே சிறுவர்களை இறக்கித் திருடுவதைத் தடுக்க முள் வைத்த இரும்புக் கம்பி. 1755-இல் வெளியான ஜான்சனின் அகராதி உருவானது இவ்வீட்டின் மேல்மச்சில்.

பாழடைந்த வீட்டை 1911-இல் அரசியல்வாதி செசில் ஹார்ம்ஸ்வொர்த் வாங்கிக் காப்பாற்றினார். சரி, அடுத்த பகுதியிலாவது சேருங்கள். படத்தில் அந்தச் சங்கிலியும் தெரியட்டும்.

– ஒரு வாசகர்