தருமபுரி கணித வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டு முழுக்க ஒரே எண்தான்: 18446744073709551615. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்து வைத்தால் சேரும் மணிகளின் மொத்தம்; 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. வாய்விட்டுப் படித்தால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

நம் பக்கத்துக்கு அரிசியைவிட ராகியே பொருத்தம். ஆயிரம் மணி சுமார் இரண்டரை கிராம் என்று வைத்துக்கொண்டால், முதல் பத்துக் கட்டம் இரண்டரை கிராம், இருபது கட்டம் இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல், முப்பது கட்டம் இரண்டரை டன்னைத் தாண்டும். முழுப் பலகைக்கு ஏறத்தாழ 4,600 கோடி டன். வைத்துக் காட்டும்போது 13-ஆம் கட்டத்திலேயே குவியல் சரிந்து பக்கத்துக் கட்டத்து மணிகளோடு கலந்துவிடும். அதற்குமேல் டம்ளரும் தராசும்தான்.

கணினி விரிதாளை நம்ப வேண்டாம். அது 15 இலக்கம் வரைதான் காட்டும். கடைசி ஐந்து இடமும் பூஜ்யம். 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒரே விடை வரும். தாளில் 2-இன் 16-ஆம் அடுக்கான 65536-ஐ அதாலேயே பெருக்கி 4294967296, அதையும் அதாலேயே பெருக்குவது நல்லது. சரிபார்க்க ஒன்பதால் வகுத்த மீதி மட்டும் போதாது. இரண்டு இலக்கம் இடம் மாறினால் அது காட்டிக்கொடுக்காது. பதினொன்றால் வகுத்த மீதி, அடுத்தடுத்த இலக்கங்கள் மாறியதைப் பிடித்துவிடும். பெருக்கல் சரியென்றால் ஒன்பதுக்கு 7, பதினொன்றுக்கு 5 மீதி வரும். பிறகு ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம்.

காரணிகள்: 3, 5, 17, 257, 65537, 641, 6700417. ஏழும் வெவ்வேறு பகா எண்கள் என்பதால் மொத்த வகுஎண்கள் 128. முதல் ஐந்தும் எளிது. மிச்சம் 4294967297. 2-இன் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிக்கும் அடுக்குகளோடு ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஒரு வரிசை வரும்; இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று கணித அறிஞர் ஃபெர்மா நினைத்தார். 1732-இல் ஆய்லர் 4294967297-ஐ 641-ஆல் வகுத்துக் காட்டினார்.

சிறிய பகா எண்களை வரிசையாகப் போட்டு வகுத்தால் 641 நூற்றுப் பதினாறாவதாகத்தான் வரும். 2-இன் அடுக்குகளை 4294967297-இன் பகாக் காரணி எதனால் வகுத்தாலும் மீதி முதன்முறையாக 1 ஆவது 64-ஆம் அடுக்கில்தான். ஆகவே காரணியில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் வகுபட வேண்டும். அப்படிச் சலித்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல். ஈவு 6700417 பகா எண்தானா? 2588 வரை பார்த்தால் போதும்: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழு வகுத்தலிலும் மீதி வரும். சலிப்பில் ராமானுஜனின் 1729-உம் வந்து மாட்டுகிறது. அது 7, 13, 19-இன் பெருக்கல் என்பதால் தள்ளுபடி.

641 அந்த எண்ணின் காரணி என்பதை வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5×128+1, 625+16-உம் அதுவே; 128-உம் 16-உம் 2-இன் அடுக்குகள், 625 என்பது 5-இன் அடுக்கு. இந்த இரண்டையும் அருகருகே எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இதைவிட இரண்டே கூடுதலான 18446744073709551617. இதன் சிறிய காரணி 274177; 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களைத்தான் சோதிக்க வேண்டும், அந்த வரிசையில் இது 1071-ஆவது. ஆகவே பங்கு பிரித்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.